வீட்டைக் காப்பாத்த காட்டை வெட்டணுமா? ஆஸ்திரேலியாவின் ‘10/50’ விதி சொல்வது என்ன?

2013 அக்டோபரில் சிட்னிக்கு மேற்கே உள்ள புளூ மவுன்டன்ஸ் மலைப்பகுதியில் பரவிய காட்டுத்தீயில் சுமார் 200 வீடுகள் எரிந்து நாசமாகின. அடுத்த ஆண்டே நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு ஒரு புது விதியைக் கொண்டுவந்தது.

அது என்ன 10/50?
தீ அபாயப் பகுதிகளில், வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும் மரங்களையும், 50 மீட்டருக்குள் இருக்கும் புதர்களையும் தனி அனுமதி வாங்காமலே உரிமையாளர் அகற்றலாம். சில நிபந்தனைகள் உண்டு.

ஏன் சர்ச்சை?
தீக்கு பயந்து இல்ல, ஜன்னல் வழியா வியூ தெரியணும்னு சிலர் மரங்களை வெட்டுவதாகப் புகார் கிளம்பியது. சில மாதங்களிலேயே விதி பொருந்தும் பகுதிகளை அரசு குறைத்தது.

வெட்டினா வீடு தப்புமா?
அது மட்டும் போதாது. பல வீடுகள் எரியக் காரணம், காற்றில் பறந்து வரும் தீப்பொறிகள்தான். கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் சேர்ந்த சருகு, சுவரை ஒட்டி அடுக்கிய விறகு... ஒரு பொறி போதும். வெட்டிய இடத்தில் புல் வளர்ந்து காய்ந்தால், அது இன்னும் வேகமாகப் பற்றும்.

காட்டுக்கு என்ன இழப்பு?
யூகலிப்டஸ் மரத்தில் பெரிய பொந்து உருவாக 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். ஆந்தைகளுக்கும் கிளைடர்களுக்கும் அதுதான் வீடு. வெட்டிய மரத்துக்குப் பதிலா கன்று நட்டாலும், அந்தப் பொந்து உடனே கிடைக்காது.

அப்போ என்ன வழி?
முதலில் சருகை அள்ளுங்க. தாழ்ந்த கிளைகளைக் கழிச்சு விடுங்க. நம்ம ஊர் மலைக்காடுகளையும் ஆக்கிரமித்திருக்கும் உண்ணிச்செடி போன்ற அந்நியப் புதர்களை அகற்றினால் வீட்டுக்கும் லாபம், காட்டுக்கும் லாபம். பெரிய மரத்தில் கை வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.