மாதம் இருபத்தைந்து டாலர்

கண் தெரியாத குழந்தைக்கும் காது கேளாத குழந்தைக்கும் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "தியாகம்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நாம் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வார்த்தையின் மேல் வெகு நாளாகச் சந்தேகம். ஒருவர் அந்த வேலைக்கு ஏன் வந்தார்? வந்தவர் ஏன் விட்டுப் போகவில்லை? இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆனி ஸல்லிவனின் கடிதங்களைப் படித்தபோது இந்தச் சந்தேகம் வலுத்தது. அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்தில் 1866-இல் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே கண்ணோய் வந்து பார்வை மங்கியது. தாயார் காலமானார். 1876-இல் அவரையும் தம்பியையும் டியூக்ஸ்பரி என்ற ஊரிலிருந்த ஏழை விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். சில மாதங்களில் தம்பியும் இறந்துபோனான். நான்கு வருஷம் கழித்து விடுதியைப் பார்வையிட வந்த பெரிய மனிதர்களிடம், தன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்படி கெஞ்சி, அந்த நரகத்திலிருந்து வெளியே வந்தார். பாஸ்டனில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது வயது 14. தன் பெயரை எழுதத் தெரியாது. 1886-இல் வகுப்பிலேயே முதல் மாணவியாகத் தேறினார். இடையில் நடந்த சிகிச்சைகளால் கண்ணும் ஓரளவு தெளிந்திருந்தது.

தேறியாயிற்று, எங்கே போவது? வீடு இல்லை, பணம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் தெற்கே அலபாமா மாகாணத்து டஸ்கம்பியா ஊரிலிருந்து, கண்ணும் காதும் இழந்த தம் மகளுக்கு ஓர் ஆசிரியை வேண்டும் என்று கெல்லர் என்பவர் பள்ளிக்கு எழுதினார். சம்பளம் மாதம் 25 டாலர். பிழைப்புக்கு வழி வேண்டியிருந்தது, முதலில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டேன், இதற்கென்று எனக்குத் தனித் திறமை இருப்பதாக நினைக்கவேயில்லை என்ற கருத்தில் பிற்பாடு ஆனியே எழுதியிருக்கிறார். எவ்வளவு நேர்மையான பதில்!

1887 மார்ச் 3-ஆம் தேதி வந்து இறங்கினார். ஹெலனுக்கு ஏழு வயது நிரம்பவில்லை. அவள் ஆசிரியையின் பல்லை உடைத்தாள். அறையில் வைத்துப் பூட்டினாள். தகப்பனார் ஏணி வைத்து இறக்கவேண்டியதாயிற்று. சாப்பாட்டு மேஜையில் எல்லோர் தட்டிலும் கைவிட்டு அள்ளுவாள். அதை நிறுத்துவதற்கு ஆனி ஒரு காலை முழுவதும் போராடிவிட்டு, மாடிக்குப் போய்க் கட்டிலில் விழுந்து அழுதார். இப்படிப்பட்ட இடத்தில் 25 டாலர் ஒருவரை எத்தனை நாள் நிறுத்தி வைக்கும்? இரக்கம்கூட, உடைந்த பல்லோடு ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

ஏப்ரல் 5-ஆம் தேதி குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் ஆனி விரலால் எழுத்துக்களை உணர்த்த, ஹெலனுக்குச் சொல் என்பது பிடிபட்ட கதை எல்லோருக்கும் தெரியும். நாடகமும் சினிமாவும் அதைப் போதுமான அளவு சொல்லிவிட்டன. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது சில நாள் கழித்து ஆனி எழுதிய கடிதம். ஹெலனுடைய உறவினர் குழந்தை ஒன்று, பதினைந்து மாதம். அதற்குப் பேச்சு வரவில்லை; ஆனால் மற்றவர்கள் பேசுவது புரிகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்த ஆனிக்கு ஒரு யோசனை வந்தது. கைக்குழந்தைக்கு யாராவது மணி அடித்து வார்த்தைப் பாடம் நடத்துகிறார்களா? முழு முழு வாக்கியமாகத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்? அப்படியானால் ஹெலனுடைய உள்ளங்கையிலும் அப்படியே பேசிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தார். அட்டவணை போட்டு நடத்திய பாடம் அன்றோடு போயிற்று. தோட்டத்தில், நடந்து போகிற வழியில், கோழிக்குஞ்சு பொரிக்கிற இடத்தில், எங்கும் பேச்சுத்தான்.

அந்த வாரம்தான் ஆனிக்கு 21 வயது நிரம்பியது. சம்பளத்துக்கு வந்த பெண் அந்த வீட்டில் தங்கிப்போனதற்குக் காரணம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. தான் கண்டுபிடித்த ஒன்று பலிக்கிறதா, நாளைக்கு இந்தக் குழந்தை புதிதாக என்ன கேட்கப்போகிறாள் என்று பார்க்கும் ஆவல்! தொடர்கதை படிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

விலை இல்லாமல் இல்லை. ஹெலன் 1900 முதல் 1904 வரை ராட்கிளிஃப் கல்லூரியில் படித்தபோது, புத்தகங்களை மணிக்கணக்கில் அவள் கையில் எழுதி எழுதி, ஏற்கெனவே பலவீனமான தம் கண்களை ஆனி இன்னும் கெடுத்துக்கொண்டார். 1905-இல் நடந்த கல்யாணம் சில வருஷங்களில் கசந்தது. பணமுடையால் 1920-இல் இருவரும் வேடிக்கை நாடக மேடைகளில்கூட ஏறினார்கள். 1929-இல் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இவ்வளவும் ஒருவருக்கு நேர்வது நியாயந்தானா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 1936 அக்டோபரில் ஆனி இறந்தபோது அவர் கை ஹெலனின் கைக்குள் இருந்தது.

ஆசிரியையைப் பற்றி ஹெலன் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். 1946-இல் வீடு தீப்பிடித்து, கையெழுத்துப் பிரதி சாம்பலாயிற்று. மறுபடியும் முதலிலிருந்து எழுதினார். 1955-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு, ஆனியைத் தாம் எப்போதும் கூப்பிட்ட பெயரையே வைத்தார்: 'டீச்சர்'.