மண்ணெண்ணெயில் ஓடின ஓஸ்ரின் கார்

போன மாசம் நண்பன் ஒருவனின்ர அறைக்குப் போனால் கம்பியூட்டர் திறந்தபடி கிடக்குது. தண்ணீரால் குளிராக்கிற வகை. அதின்ர ரேடியேற்றர் 120 மில்லிமீற்றர் ஃபேன் இரண்டுக்கெண்டு செய்தது. அவனிட்ட இருந்ததோ 200 மில்லிமீற்றர் ஃபேன் ஒண்டு. ஆணி ஓட்டைகள் பொருந்தவில்லை. பழைய பிளாஸ்ரிக் வாளியை வெட்டி இடையில் ஒரு கூடு செய்து, காற்று பக்கத்தால் தப்பாமல் ஸ்பொஞ்ச் வைத்து அடைத்திருந்தான். பெரிய ஃபேன் மெதுவாகச் சுத்தினாலும் போதிய காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு.

அம்மப்பாவிட்ட இதைச் சொன்னன். "உதென்ன பெரிய வேலை? நாங்கள் காரையே மண்ணெண்ணெயில ஓட்டினனாங்கள்" எண்டார்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதோட யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடையும் வந்தது. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து எண்டு தடைப்பட்ட சாமான்களின் பட்டியல் நீளம். மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாகக் கிடைத்தது. ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவில் பாடின ரேடியோவும் எங்கள் எல்லார் வீட்டுக் கதையிலும் வரும். கராஜ்காரர் செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. அதனால் ஊசி மருந்துச் சிறிஞ்சிலோ சின்னப் போத்தலிலோ கொஞ்சம் பெற்றோல் எடுத்து, காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். ஓஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் இதைத் தாங்கினதுக்குக் காரணம் இருக்கு. அவற்றின் அமுக்க விகிதம் 7:1 அளவில்தான். புதுக் கார்களில் அது 10:1 அல்லது அதற்கும் மேல். அந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினை அடிக்கும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒண்டு. என்ர நண்பனுக்குப் பிரச்சினை சூடு. அம்மப்பாவுக்கோ சூடுதான் தேவை! எஞ்சின் ஆறினால் மண்ணெண்ணெய் எரியாமல் கீழே வடிந்து ஒயிலோட கலந்துவிடும். பிரிட்டனில் 1940களில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடின டிராக்டர்களிலும் இதே முறைதான். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மாற்றுவது. சூடு இறங்காமல் இருக்க ரேடியேற்றருக்கு முன்னால் திரையும் போட்டார்கள். அங்கே அதைக் கொம்பனியே செய்து வித்தது. இங்கே ஒவ்வொரு கராஜும் தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதைகளைக் கேட்டால் "எங்கட ஆக்கள் கெட்டிக்காரர்" எண்டு பெருமை வரும். எனக்கும் வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த அம்மம்மா சிரிக்கவில்லை. ராவில் வயித்துக்குத்து வந்த தன்ர தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுபோனதைத்தான் அவர் சொன்னார். அண்டைக்கு அந்த ஓஸ்ரினுக்குள் பீச்சக்கூடத் துளிப் பெற்றோல் இல்லையாம். தங்கச்சி தப்பிவிட்டார். தப்பாதவர்களை ஆர் எண்ணி வைத்தது?

நண்பன் பெரிய ஃபேனைப் பூட்டினது விருப்பத்தில். சரிவராவிட்டால் சரியான அளவில் ஒண்டு வாங்குவான். அம்மப்பாவுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. இரண்டையும் ஒரே "கண்டுபிடிப்பு" எண்டு எழுதினால், தடை போட்டவர்களின் பொறுப்பு எங்கட கெட்டித்தனத்துக்குப் பின்னால் ஒளிந்துவிடும். 2022இல் பெற்றோல் வரிசையில் நிண்ட எங்களுக்கு இது கொஞ்சமாவது விளங்க வேணும்.

1981இல் நூலகம் எரிந்ததைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். கராஜ் அறிவு எந்த நூலகத்திலும் வைக்கப்படவே இல்லை. அது எழுபது, எண்பது வயது ஆக்களின் கையிலும் ஞாபகத்திலும்தான் இருக்கு. உங்கள் ஊரிலும் பழைய மெக்கானிக் ஒருவர் இருப்பார். ஃபோனில் ரெக்கோடிங்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கோ. எப்பிடி ஓட்டினீங்கள் எண்டு கேட்ட பிறகு, ஓடாத நாளில் என்ன நடந்தது எண்டும் கேளுங்கோ.