ஆனைமலை: வெட்டப்பட்ட காடும் காக்கப்பட்ட காடும்

மேற்குத் தொடர்ச்சி மலையில், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவிக் கிடக்கும் மலைத்தொடர் ஆனைமலை. இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இத்தொடரின் கேரளப் பகுதியில் உள்ளது. தமிழ்நாட்டுப் பகுதியில் ஆனைமலை புலிகள் காப்பகம் அமைந்துள்ளது. அதை ஒட்டிக் கேரளத்தில் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம், இரவிகுளம் தேசியப் பூங்கா, சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் ஆகியவை உள்ளன. யுனெஸ்கோ 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது தேர்ந்தெடுத்த 39 இடங்களில் இத்தொடரின் புல்மலை, கரியன்சோலை, இரவிகுளம் முதலியனவும் இடம்பெற்றன.

பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் செல்லும் பயணி, அங்கு நெடிதுயர்ந்து நிற்கும் தேக்கு மரங்களைப் பார்த்து மனிதக் கை படாத ஆதிக்காடு என்று எண்ணுவதுண்டு. உண்மையில் அந்தத் தேக்குக் காட்டின் பெரும்பகுதி ஒருமுறை வெட்டித் தீர்க்கப்பட்டு மீண்டும் வளர்க்கப்பட்டது. ஆனைமலையில் 'காடு காத்தல்' என்ற சொல்லுக்குக் காலந்தோறும் வெவ்வேறு பொருள் இருந்திருக்கிறது. யாருக்காக, எதற்காகக் காப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் சொன்ன விடையே இம்மலையின் இன்றைய உருவத்தைத் தீர்மானித்தது.

நிலமும் உயிர்களும்

ஆனைமலையில் சில மணி நேரப் பயணத்திலேயே முற்றிலும் மாறுபட்ட காடுகளைக் காணலாம். காரணம் மழை. தென்மேற்குப் பருவக்காற்று மோதும் வால்பாறைப் பகுதியில் கனமழை பெய்கிறது. அங்குள்ள சின்னக்கல்லார் தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மலையின் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் அமராவதி, சின்னாறு பகுதிகளில் முட்காடுகளும் வறண்ட இலையுதிர் காடுகளும் உள்ளன. இடைப்பட்ட சரிவுகளில் தேக்கு, ஈட்டி, வேங்கை, மூங்கில் நிறைந்த காடுகளும், மேலே மழைக்காடுகளும், அவற்றுக்கும் மேலே சோலைகளும் புல்வெளிகளும் அமைந்துள்ளன.

மழைக்காட்டு மரங்களில் குறிப்பிடத்தக்கது வெடிப்பலா. முள் போர்த்த அதன் காய்களையும் பூக்களையும் உண்டு வாழ்வது சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு. இது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. முதுமரங்களின் பொந்துகளில் கூடமைக்கும் பெரிய இருவாச்சி, அத்தி முதலிய பழங்களை உண்டு விதைகளைக் காடெங்கும் பரப்புகிறது. உயரமான புல்வெளிகளில் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்கிறது. பழந்தமிழ் இலக்கியங்கள் வருடை என்று குறிப்பிடும் விலங்கு இதுவே என்பர். அதே புல்வெளிகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. கடைசியாக 2018-இல் பெருமளவில் பூத்தது. கீழே அமராவதி நீர்த்தேக்கத்தில் முதலைகளும் சின்னாற்றில் நரை அணில்களும் நட்சத்திர ஆமைகளும் வாழ்கின்றன. யானை, புலி, சிறுத்தை, காட்டுமாடு, செந்நாய் ஆகியவை தொடர் முழுவதும் உள்ளன.

பழைய குறிப்புகள்

பெயரே சொல்வதுபோல இம்மலை யானைகளுக்குப் பெயர்பெற்றது. சேர மன்னன் பல்யானைச் செல்கெழு குட்டுவன் உம்பற்காட்டைக் கைப்பற்றியதைப் பதிற்றுப்பத்து குறிப்பிடுகிறது. உம்பல் என்பது யானை. அந்த உம்பற்காடு ஆனைமலைப் பகுதியே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மலையடிவாரத்தில் உள்ள ஆனைமலை ஊரின் மாசாணியம்மன் கோயில் மரபு, ஆற்றில் வந்த மாங்காயைத் தின்ற பெண்ணை நன்னன் கொன்ற கதையோடு இணைந்தது. காவல்மரத்தின் கனிக்காக ஓர் உயிர் பறிக்கப்பட்டதை மறக்காத நினைவு அது. மரத்தின் மீதான உரிமை யாருக்கு என்ற வழக்கு இம்மண்ணில் மிகப் பழையது.

1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்து எழுதிய ஃபிரான்சிஸ் புக்கானன் ஆனைமலை ஊருக்கும் வந்தார். அவரது பயணக் குறிப்புகளில் காடர்களும் இடம்பெறுகின்றனர். காடு வருவாய்க்குரிய பொருளாகப் பார்க்கப்படத் தொடங்கிய காலம் அது.

கப்பலுக்குப் போன தேக்கு

மலபாரின் எட்டக்கூடிய காடுகளில் பெருந்தேக்கு குறைந்துவிட்ட நிலையில், பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு மரம் தேடிய ஆங்கிலேயரின் பார்வை ஆனைமலை மீது விழுந்தது. 1848-இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற இராணுவ அதிகாரி இக்காடுகளின் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். பாதை அமைத்தல், மரம் வெட்டுதல், யானைகளைக் கொண்டு இழுத்தல் எல்லாம் முறைப்படுத்தப்பட்டன. அவருக்குப் பின் டக்ளஸ் ஹாமில்டன் பொறுப்பேற்றார். வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து சேத்துமடைப் பக்கம் சரிவில் உருட்டிவிட்டனர். டாப்சிலிப் என்ற பெயர் அப்படி வந்ததே.

1856-இல் சென்னை மாகாண வனத்துறை உருவாகி, மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்கார்ன் அதன் முதல் தலைவரானார். 1858-இல் அவர் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்குச் சென்று அதன் தாவரங்களைப் பதிவு செய்தார். அவருக்கு உதவியாளராக இருந்து பின்னர் துறைத் தலைவரான ரிச்சர்ட் பெடோம், இம்மலைகளின் பெரணிகளையும் பாம்புகளையும் தவளைகளையும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். இன்றும் பல உயிரினங்களின் அறிவியல் பெயர்களில் அவர் பெயர் உண்டு.

ஆனால் அன்றைய வனப் பாதுகாப்பின் நோக்கம் மரம் தீர்ந்துவிடாமல் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே. கப்பல்களோடு இருப்புப்பாதைகளுக்கும் மரக்கட்டைகள் தேவைப்பட்டன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் கிழங்கு தோண்டி, தேனெடுத்து வாழ்ந்தோர் அதன்பின் அரசின் அனுமதியோடு வாழ்பவர்கள் ஆயினர். கேரளப் பக்கத்தில் கொச்சி சமஸ்தானம் 1907-இல் பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை, சுமார் 80 கிலோமீட்டர் தொலைவுக்கு, மரம் கொண்டு செல்லவே ஒரு டிராம் பாதையை இயக்கத் தொடங்கியது. அது 1963 வரை நீடித்தது. அத்தனை வெட்டுக்கும் தப்பி நிற்பது பரம்பிக்குளத்தின் கன்னிமரா தேக்கு. ஏழு மீட்டருக்கும் அதிகமான சுற்றளவு கொண்ட இம்மரத்தை வெட்டியபோது இரத்தம் கசிந்தது என்பது பழங்குடியினர் வழங்கும் கதை.

ஹியூகோ வுட்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாப்சிலிப் சரிவுகளில் நல்ல தேக்கு பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டது. அப்போது கோயம்புத்தூர் தெற்கு வனக் கோட்டத்திற்குப் பொறுப்பேற்ற ஹியூகோ வுட், வெட்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போகும் முறையை மாற்ற முனைந்தார். வெட்டிய தேக்கின் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் கிளைகளைப் பேணினால் மரம் மீண்டும் வளரும் என்பது அவர் திட்டம். நடக்கும்போதெல்லாம் சட்டைப்பையில் தேக்கு விதைகளை வைத்திருந்து, கைத்தடியால் மண்ணில் குழியிட்டு விதைத்துச் சென்றார் என்று இப்பகுதியில் இன்றும் சொல்லப்படுகிறது. 1933-இல் இறந்த அவர், விருப்பப்படியே தாம் வளர்த்த மரங்களின் நடுவே அடக்கம் செய்யப்பட்டார். தன் நினைவுச்சின்னத்தைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற பொருளுடைய இலத்தீன் வாசகம் கல்லறையில் உள்ளது.

வுட் மீட்டெடுத்தது தேக்கை. ஒரே மர இனம் நிறைந்த தோட்டம், பலவகை மரங்கள் கலந்த இயற்கைக் காட்டுக்கு ஈடாகாது. எனினும் வெட்ட வெளியாகிவிடக்கூடிய சரிவுகளில் மரநிழல் நிலைத்ததால்தான் யானையும் காட்டுமாடும் அங்கே உலவ இடம் இருந்தது. அவர் காலத்து வனத்துறை எண்ணிப் பார்த்திராத பயன் இது.

தேயிலையும் அணைகளும்

வால்பாறைப் பீடபூமியின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மழைக்காடு அழிக்கப்பட்டு முதலில் காப்பியும் பின்னர் பெருமளவில் தேயிலையும் பயிரிடப்பட்டன. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பீடபூமியில் காடு சிறுசிறு துண்டுகளாக எஞ்சியது. சமவெளியிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள் அட்டைக்கடியிலும் மலேரியாவிலும் கடனிலும் உழன்றனர். அவர்கள் வாழ்க்கையை மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழில் வெளிவந்துள்ளது.

விடுதலைக்குப் பின் வந்த பெரிய மாற்றம் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம். ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, பாலாறு ஆகிய எட்டு ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்து, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கின் வறண்ட நிலங்களுக்குத் திருப்பிய திட்டம் இது. பணிகள் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கின. தமிழ்நாடு, கேரளம் இடையிலான ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதல் நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத் தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் இந்நீரே ஆதாரம். அதற்கு விலையாகப் பள்ளத்தாக்குக் காடுகள் நீரில் மூழ்கின. இன்று அந்த அணைகள் நிரம்புவதற்குச் சோலைகளும் புல்வெளிகளும் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது இன்றியமையாதது. ஆகவே இக்காட்டைக் காப்பது சமவெளி உழவரின் தேவையும் ஆகும்.

சரணாலயம் முதல் புலிகள் காப்பகம் வரை

விலங்குகளையும் காட்டையும் அவற்றுக்காகவே காக்கும் எண்ணம் 1970-களில்தான் இங்கே சட்ட வடிவம் பெற்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், 1976-இல் ஆனைமலை வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவானது. ஆனைமலைச் சரணாலயம் பின்னர் இந்திரா காந்தி பெயரைப் பெற்றது. 2007-இல் புலிகள் வாழிடமாக அறிவிக்கப்பட்டது. உள்வட்டம் 958.59 சதுர கிலோமீட்டர், வெளிவட்டம் 521.28 சதுர கிலோமீட்டர் என, காப்பகத்தின் மொத்தப் பரப்பு 1,479.87 சதுர கிலோமீட்டர். மரம் இழுத்த யானைகளின் மரபில் வந்த கோழிகமுத்தி முகாம் யானைகள் இப்போது ரோந்துக்கும், ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பும் கும்கிப் பணிக்கும் பயன்படுகின்றன. அவற்றைப் பழக்கும் பாகன்கள் பலர் மலசர் குடியினர்.

காட்டின் மக்கள்

ஆனைமலை புலிகள் காப்பகப் பகுதியில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என ஆறு பழங்குடிகள் வாழ்கின்றனர். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வழிகாட்டியவர்கள், யானை பழக்கியவர்கள், தாவரங்களின் பெயரும் பயனும் அறிந்தவர்கள் இவர்களே. ஆனால் கோப்புகளில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் நிலைத்தன. ஒவ்வொரு கட்டத்திலும் காடு யாருக்கு என்ற கேள்விக்கு இவர்களைக் கேட்காமலே விடை எழுதப்பட்டது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த வரலாற்று அநீதியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. எனினும் உரிமை தானாகக் கைக்கு வரவில்லை. 2019-இன் பெருமழையில் வால்பாறை அருகே கல்லார்க்குடி காடர் குடியிருப்பு மண்சரிவால் வாழத் தகுதியற்றதானபோது, அம்மக்கள் தெப்பக்குளமேட்டில் தங்களுக்குரிய மாற்றிடத்தைப் பெற நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. மறுபுறம், கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர்களே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிக்கும் பணியில் ஈடுபட்டுள்ளனர். கூட்டுப் பொந்துகளை அறிந்தவர்களே அவற்றைக் காப்பவர்களானது அங்கே பயன் தந்துள்ளது.

வால்பாறையிலும் இத்தகைய மாற்றம் தெரிகிறது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து மழைக்காட்டுத் துண்டுகளில் அவ்வவ்விடத்திற்குரிய மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு உயிரிழப்பைக் குறைத்துள்ளது. புதுத்தோட்டத்தில் சாலையைக் கடக்கும் சோலைமந்திகளுக்கு மரங்களுக்கிடையே தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன.

கப்பல் தளம் கேட்ட தேக்கு, தோட்டம் கேட்ட நிலம், சமவெளி கேட்ட நீர், சுற்றுலா கேட்கும் காட்சி என்று ஆனைமலையிடம் ஒவ்வொரு காலமும் ஒன்றைக் கேட்டது. அழித்ததில் ஒரு பகுதியை மனிதர் மீட்க முடியும் என்பதற்கு டாப்சிலிப் தேக்கு சான்று. அப்படி மீட்டது முழுக் காடு ஆகிவிடாது என்பதற்கும் அதுவே சான்று. கரியன்சோலை போன்ற எஞ்சிய பழங்காடுகளை ஒருமுறை இழந்தால் நட்டு வளர்க்க முடியாது. அவற்றைக் காப்பதில் அங்கேயே பிறந்து வளர்ந்த மக்களின் அறிவுக்கும் உரிமைக்கும் இடம் கிடைக்கிறதா என்பதே ஆனைமலை வரலாற்றின் அடுத்த கட்டத்தை முடிவு செய்யும்.