டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை

மது, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் சென்னை நிறுவனம். கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்கு இளம் வயதிலேயே பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் இதைத் தொடங்கினார். குடிப்பவரை ஒழுக்கம் கெட்டவராக மட்டுமே பார்த்த காலத்தில், அவரை நோயாளியாகக் கண்டதே இதன் பெருந்தொண்டு. அடையாறு இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை இதைச் சேர்ந்தது.

இங்கே சிகிச்சை இரு கட்டமாக நடக்கிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே முதலில் மருத்துவக் கண்காணிப்பு. அடுத்தது உளவியல் சிகிச்சை: எந்த நேரம், எந்தச் சேர்க்கை, எந்த மனத்தாங்கல் குடிக்கத் தூண்டுகிறது என்பதை நோயாளியே இனங்காணப் பழகுகிறார். மனைவியும் பெற்றோரும் பட்ட காயம் தனியே ஆற வேண்டியது என்பதால் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. நகரத்துக்கு வர இயலாத ஏழைகளுக்காக மஞ்சக்குடி போன்ற ஊர்களிலேயே முகாம்கள் நடத்தப்பட்டன. ஊரார் துணை நின்றது அவற்றின் பலம்.

மீண்டவர் மறுபடி குடிப்பது இந்நோயின் இயல்பு. அதைத் தோல்வியாகக் கருதிச் சிகிச்சையைக் கைவிடலாகாது. தொடர் கவனிப்பு ஆண்டுக்கணக்கில் தேவை. சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.