வட்டவிதானையும் கல்லோயாக் கணக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், நெல்வயல்கள் சேர்ந்து கிடக்கும் பரப்பை வட்டை என்பர். போடியாருக்குச் சொந்தமான வயலை நடத்துபவர் முல்லைக்காரர். வட்டை முழுவதையும் நடத்துபவர் வட்டவிதானை. வாய்க்காலைத் துப்புரவு செய்விப்பதும், வேலி அடைப்பிப்பதும், கட்டாக்காலி மாடுகளைத் தடுப்பதும், முறைவைத்து நீர் பங்கிடுவதும் அவர் கடமை. அதற்கு ஊதியம், விளைந்த நெல்லில் ஒரு பங்கு. கடைசி வயலுக்கு நீர் எட்டாது போனால் அவருடைய பங்கும் குறையும். மேற்பார்வையாளரின் திறமையை அளக்க இதனினும் நேரான மரைக்கால் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்காக அவர்களெல்லாம் நீதிமான்களாக இருந்தனர் என்று கொள்ளவேண்டியதில்லை. பெரிய போடியாரின் சொல்லுக்கு அஞ்சிய விதானைமாரும் உண்டு. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது.

அதற்கு முன்னரே, வேறோர் அளவுகோல் இப்பகுதிக்கு வந்துவிட்டது. தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயாவை மறித்து அணை கட்டுவதற்காக, 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. அமெரிக்காவின் தெனெசீப் பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. இங்கினியாகலையில் அணை எழுப்பியது மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம். ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்து விவகாரமே.

சபை தன் வளர்ச்சியை எப்படி அளந்தது? வெட்டிய காடு இத்தனை ஏக்கர், குடியேற்றிய குடும்பங்கள் இத்தனை, தோண்டிய வாய்க்கால் இத்தனை மைல். ஆண்டுக்காண்டு தொகை ஏறியது. குடியேற்றவாசிகளுக்கும் அயலவருக்குமிடையே பகை வளர்ந்ததை எழுதுவதற்கு அந்த ஏட்டில் இடமில்லை. 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் இனக்கலவரம் மூண்டு, தமிழர் பலர் உயிரிழந்தனர்.

1960களின் பிற்பகுதியில் அரசாங்கம் ஒரு மதிப்பீட்டுக் குழுவை நியமித்தது. தலைவர், கேம்பிரிட்ச் பல்கலைக்கழகப் புவியியலறிஞர் பி. எச். ஃபார்மர். 1970இல் வெளிவந்த அறிக்கை, திட்டத்தின் செலவு அதன் பயனை விஞ்சியது என்று முடிவு கூறியது. தன் பெருந்திட்டமொன்றின் குறையை அரசாங்கமே அச்சிட்டு வெளியிட்டது அபூர்வம். அதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அறிக்கை வாய்க்காலுக்குள் நீரை விடவில்லை. மேல்மடையில் இருந்தவர் தாராளமாக எடுக்க, கடைமடையில் இருந்தவர் வானத்தைப் பார்த்தனர். இடதுகரையின் மேல்மடையில் பெரும்பாலும் சிங்கள உழவர். கடைமடையில் தமிழரும் இருந்தனர்.

1980இல் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இடதுகரையில் ஆய்வைத் தொடங்கின. அடுத்த ஆண்டில் இளம் பட்டதாரிகள் ஒழுங்கமைப்பாளராக உழவர் கிராமங்களிலேயே தங்கினர். அவர்கள் கட்டளையிடவில்லை. உங்கள் வாய்க்காலில் என்ன குறை என்று வீடுவீடாகக் கேட்டு, சிறு குழுக்களாகக் கூடச் செய்தனர். 1981இல் நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைவு. சண்டை மூளவேண்டிய அந்தப் பருவத்தில் உழவர் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்பட்ட நீரைக் கடைமடைக்கு விட்டனர். மேலிருந்த சிங்களவர் விட்ட நீர் கீழிருந்த தமிழரின் வயலுக்கும் சென்றது.

இவ்விளைஞரின் பதவி தற்காலிகமானது. பலர் நிலையான உத்தியோகம் தேடி ஆசிரியராகச் சென்றுவிட்டனர். பள்ளிக்கூடங்களுக்கு இலாபம், வாய்க்காலுக்கு நட்டம். ஆயினும் உழவர் சங்கங்கள் நிலைத்தன.

1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் மீண்டும் வற்றிக் கிடந்தது. இடதுகரையின் 65,000 ஏக்கரில் 15 வீதத்துக்கு மேல் நெல் விதைக்க நீர் போதாது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்கிட்டது. உழவர் உடன்படவில்லை. நீரைச் சிக்கனமாகப் பகிர்ந்துகொள்வோம் என்று ஒப்பினர். முழுப் பரப்பிலும் விதைத்தனர். வழக்கத்திலும் மிக்க விளைச்சலோடு, முழுப் பரப்பிலும் அறுத்தனர்.