ஆய்வேடும் அரங்கேற்றமும்

நூல் எழுதுதல் ஒருவர் தனித்திருந்து செய்யும் தொழில். அதனை நூலென ஏற்றல் அவையின் தொழில். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வாயிலில் நடைபெறுவதே தேர்வு. இன்றைய பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்திற்குரிய ஆய்வேடு, இறுதித் தேர்வாளர் கைக்குச் செல்லுமுன் ஏதேனும் ஒரு வகைப் பூர்வாங்கத் தேர்வுக்கு உட்படுகிறது. மாணவர் பலர் இதனை நிருவாகச் சடங்கு என்று எண்ணுகின்றனர். சிலர் தடைக்கல் என்று அஞ்சுகின்றனர். இரண்டும் பொருந்தா எண்ணங்களே. இத்தேர்வின் வரலாற்றைத் தமிழ் மரபிலும் பல்கலைக்கழக மரபிலும் நின்று நோக்கி, மலாக்கா மாநிலத்து ஜாசின் போன்ற தோட்டப்புற வட்டாரத்தின் வரலாற்றுக்கு அஃது ஏன் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழ் மரபில் தேர்வு

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் பழமையான தொல்காப்பியமே தேர்வுக்கு உட்பட்ட நூல் என்பது நாம் எண்ணி மகிழத்தக்க செய்தி. அந்நூலுக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமறக் காட்டியே தொல்காப்பியர் தம் நூலை அரங்கேற்றினார் என்று தெரிவிக்கிறது. இச்செய்திக்கு நச்சினார்க்கினியர் ஒரு கதை கூறுவர். தம் மாணவர்மீது சினங்கொண்ட அகத்தியர், தொல்காப்பியன் செய்த நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானைத் தடுத்தார். தொல்காப்பியரோ கேட்டருள வேண்டுமெனப் பன்முறை வேண்டினார். இருவருக்கும் இடைப்பட்ட ஆசான், நூலைக் கேட்பதாகவும் ஆயினும் இடந்தோறும் குற்றங்கூறப் போவதாகவும் உரைத்து, அவற்றுக்கு விடை கூறுமாறு பணித்தார். அவர் எழுப்பிய குற்றங்கள் அனைத்திற்கும் தொல்காப்பியர் விடை தந்தார்.

கதையின் வரலாற்று உண்மை ஒருபுறம் நிற்க. அதனுள் பொதிந்துள்ள நெறி நம் கருத்துக்குரியது. தேர்வாளர் நூலாசிரியரின் பகைவரும் அல்லர். அவரைப் புகழ வந்தவரும் அல்லர். குற்றம் காண்பது அவர் கடமை; விடை கூறுவது ஆசிரியர் உரிமை. குற்றங்கூறும் ஒருவர் இல்லாதிருப்பின் அந்நூல் குற்றமற்றது என்று பாயிரம் சான்று பகர்ந்திருக்க இயலாது.

இறையனார் களவியல் உரை பற்றிய மரபுச் செய்தியும் இதனோடு ஒத்தது. சங்கப் புலவர் பலரும் அந்நூலுக்கு உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை எனத் துணிய இயலாதவராய், உருத்திரசன்மன் என்னும் பேசாச் சிறுவனை நடுவனாக இருத்தினர். அவன் மருதனிளநாகனார் உரையில் சிற்சில இடங்களிலும், நக்கீரர் உரையில் சொல்தோறும் கண்ணீர் வார்த்தான் என்பர். உரையை எழுதியவர் யார் என்பதை நோக்காது, உரையை மட்டுமே நோக்கும் நடுவர் வேண்டும் என்ற வேட்கையே இக்கதையை ஈன்றது எனலாம்.

பவணந்தியாரின் நன்னூல் இந்நெறியை இலக்கணமாகவே வகுத்துவிட்டது. குன்றக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் முதலிய பத்தினை நூற்குற்றங்களாக அது எண்ணுகிறது. ஆசிரியன் பெயர், நுதலிய பொருள், எல்லை, கேட்போர், பயன் முதலியவற்றைச் சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டும் என்பதும், காலம், களம், காரணம் ஆகியவற்றையும் அவற்றோடு சேர்த்துக் கூறுவோர் உளர் என்பதும் அந்நூலால் அறியப்படும். இன்று ஆய்வு முன்மொழிவை எழுதும் மாணவரிடம் பேராசிரியர் கேட்பனவும் இவையே: பொருள் யாது? எல்லை எது? பயன் என்ன? பெயர்கள் மாறின; வினாக்கள் மாறவில்லை.

பல்கலைக்கழகத்தின் அவை

புத்தாய்வின் அடிப்படையில் வழங்கப்படும் டாக்டர் பட்டம் செருமானியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. 1810இல் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகம் அதற்கு முன்மாதிரியாயிற்று. பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு 1917இல் அப்பட்டத்தை ஏற்றது. நாடுதோறும் தேர்வின் வடிவம் வேறுபட்டது. பின்லாந்தில், ஆய்வேட்டைப் பொது அவையில் நிலைநாட்டுவதற்கு முன்னர், வெளியிலிருந்து அமர்த்தப்படும் முன்தேர்வாளர் இருவர் அதனைப் படித்து எழுத்துமூலம் தம் முடிவைத் தெரிவிப்பர். அவர்கள் பரிந்துரைத்த பின்னரே பொது வாதத்திற்கு இசைவு கிட்டும். அவ்வாதத்தில் மறுப்புரைப்பதற்கென்றே ஒருவர் அமர்த்தப்படுவார். சிந்துவெளி எழுத்தாய்வால் தமிழுலகம் நன்கறிந்த அஸ்கோ பர்ப்போலா, வேத இலக்கியம் பற்றிய ஆய்வுக்கு 1968இல் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் ஆவார்.

தமிழ்நாட்டில் ஆய்வேட்டுக்கு முன்னோடியாக ஆய்வுச் சுருக்கத்தை அளிக்கும் முறை வேரூன்றியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு முன்மொழிவை நிலைநாட்டல், இடைநிலையில் ஆய்வின் வளர்ச்சியை நிலைநாட்டல், முடிவில் ஆய்வேட்டுக் கருத்தரங்கு என மூன்று படிகள் உள. இவற்றைக் கடந்த பின்னரே ஆய்வேடு அகத்தேர்வாளர், புறத்தேர்வாளர் ஆகியோரிடம் செல்லும். வாய்மொழித் தேர்வு அதன்பின் நிகழும்.

தமிழாய்வு இவ்வவையில் ஏறிய வரலாறு பெருமைக்குரியதாயினும், ஓர் உறுத்தலையும் உடையது. க. கணபதிப்பிள்ளை, 7, 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் தமிழை ஆராய்ந்து 1935இல் இலண்டனில் பட்டம் பெற்றார். அ. சிதம்பரநாதன் செட்டியாரின் யாப்பியல் ஆய்வு 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழி வெளிவந்தது. மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். கோலாலம்பூரில் 1933இல் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த க. கைலாசபதி, பர்மிங்காமில் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று எழுதிய வீரயுகப் பாடல் ஆய்வு 1968இல் நூலாயிற்று. இவையனைத்தும் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழைப் பற்றிய அறிவு தமிழல்லாத மொழியில்தான் அவையேற முடிந்தது. வ.சுப. மாணிக்கனார் தம் அகத்திணை ஆய்வை ஆங்கிலத்தில் மட்டுமன்றித் ‘தமிழ்க் காதல்’ எனத் தமிழிலும் வெளியிட்டமை, இக்குறையை உணர்ந்தோர் செய்த பணிக்கு நல்லதோர் சான்று.

மலாயாவில் தமிழாய்வு

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கு இந்திய இயல் துறை அமைக்கும் முயற்சி எழுந்தபோது, சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரும் பரிந்துரை முன்வைக்கப்பட்டது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதனை எதிர்த்து, தமிழுக்கே உரிய இடம் வேண்டும் எனக் கிளர்ந்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டப்பட்டது. அதற்கு ஆளுக்கொரு வெள்ளி என மனமுவந்து அளித்தோருள் உழைக்கும் மக்கள் மிகப் பலர். துறை 1956இல் தொடங்கியது. பின்னர்க் கோலாலம்பூருக்கு மாறியது. தாம் நுழைந்தறியாத நூலகத்துக்கு நூல் வாங்க வெள்ளி தந்த அம்மக்களின் செயலை நாட்டின் கல்வி வரலாறு மறத்தல் ஆகாது.

அத்துறைக்கு 1961இல் வந்தவர் தனிநாயக அடிகளார். உரோமையிலும் அண்ணாமலையிலும் இலண்டனிலும் ஆய்வேடுகள் அளித்துத் தேர்வுற்ற அவர், ஆய்வு என்பது உலக அவையில் நிற்க வேண்டும் என்பதைத் தம் வாழ்வாலேயே காட்டினார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அவர் உழைப்பின் கனி. இராம சுப்பையா தொகுத்து 1969இல் வெளிவந்த ‘தமிழ் மலேசியானா’, இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டு, பின்வரும் ஆய்வாளர்க்கு வழி சமைத்தது.

அதே காலத்தில் மலாயா இந்தியர் வரலாறும் உரிய அவைகளில் ஏறியது. கெர்னியல் சிங் சந்துவின் குடியேற்ற ஆய்வு 1969இலும், சி. அரசரத்தினத்தின் நூலும் இரவீந்திர ஜெயினின் தோட்ட ஆய்வும் 1970இலும் வெளிவந்தன. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டிலிருந்து விரிந்தது ஜெயினின் நூல். அவர் தாம் வாழ்ந்து ஆராய்ந்த தோட்டத்துக்கு ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் சூட்டினார். ஆய்வு நெறிக்கு அது தக்கதே. ஆயினும், ஊர்ப்பெயரோடு தன் வரலாற்றைப் படிக்க விழையும் தோட்டத்துச் சிறுவனுக்கு அம்மூன்று நூல்களும் மொழியாலும் தொலைவாலும் எட்டாதவை.

ஜாசின்: ஓர் எடுத்துக்காட்டு

மலாக்காவின் கிழக்கே, ஜொகூரை அடுத்து அமைந்தது ஜாசின் மாவட்டம். ஜாசின், மெர்லிமாவ், செலாண்டார், அசகான் ஆகிய ஊர்களைச் சுற்றிலும் தோட்டங்கள் சூழ்ந்தன. அவற்றுள் தமிழர் வாழ்வு லயங்களிலும் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் வேர்கொண்டது. டைமண்ட் ஜூபிலி போன்ற தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகவும் நிலைத்தன. இவ்வட்டாரத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் ஒரு மாணவர் தம் ஏட்டைப் பூர்வாங்கத் தேர்வுக்கு வைக்கிறார் எனக் கொள்வோம். தேர்வாளர் என்னென்ன வினவுவார்?

“மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டம் எங்கள் வட்டாரத்தது” என்ற கூற்று விழா மேடைகளில் கைதட்டல் பெறும். தேர்வாளரோ, “முதல் என்றால் என்ன?” என்பார். இரப்பர்க் கன்றுகள் 1877இலேயே சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பட்டன. வணிக நோக்கில் பயிரிட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896இல் மரவள்ளி பயிரிட்ட நிலத்தில் இரப்பரையும் நட்டார். ஆனால் அவ்விடம் புக்கிட் லிந்தாங். அது ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்ததன்று. ஜாசினுக்குரிய அசகான் பெருந்தோட்டம் அதனை அடுத்தே எழுந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி உடன்பிறந்தாரும் இரப்பரைப் பயிரிட்டனர். ஆகவே ‘முதல்’ என்ற சொல்லை நீக்கி, ‘இரப்பர் பெருந்தோட்டமாக விரிந்த தொடக்க இடங்களுள் ஒன்று’ என எழுத நேரும். கைதட்டல் குறையும், ஆனால் அக்கூற்றை எவராலும் அசைக்க இயலாது.

அடுத்த வினா: “மலாக்காத் தமிழர் என்று நீர் குறிப்பது யாரை?” மலாய்ச் சுல்தான்கள் காலத்தில் வணிகராய் வந்தவர்தம் வழியினரான மலாக்காச் செட்டிகள் 1781இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பினர், காலப்போக்கில் மலாய் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டனர். முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு, மலாக்காவின் நற்குடிப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாய் இருந்ததைக் காட்டுகிறது. கங்காணியின்பின் கப்பலேறி வந்த தோட்டத் தமிழரின் வரலாறு இதனின் முற்றும் வேறானது. இரண்டையும் ஒரே தொடரில் இணைத்துப் பழம்பெருமை பேசுதல் மயங்க வைத்தல் என்னும் குற்றமாகும்.

மூன்றாவது வினா சான்று பற்றியது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாதலின், அதன் ஆவணங்கள் ஐக்கிய மலாய் மாநிலங்களின் கோப்புகளோடு இருப்பதில்லை. இலண்டனில் காலனித்துவ அலுவலகத்தின் 273ஆம் வரிசைக் கோப்புகள், சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக்காப்பகம், கோலாலம்பூரின் தேசிய ஆவணக்காப்பகம், இந்திய அரசின் ஏசெண்டு வெளியிட்ட ஆண்டறிக்கைகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். தோட்டத்துச் செக்ரோல், பள்ளி வருகைப் பதிவேடு, கோயில் கணக்கு, கல்லறை எழுத்து ஆகியனவும் சான்றுகளே. 1967இல் அசகான் தொழிலாளர் கோலாலம்பூர் நோக்கி நடந்த நெடும்பயணத்தை எழுதுவோர், நாளிதழ், தொழிற்சங்கம், அரசு, நடந்தோர் எனும் நான்கு வாய்களையும் கேட்டாக வேண்டும். ஒன்றோடொன்று முரணும் இடமே ஆய்வு தொடங்கும் இடம்.

இறுதியாக, “ஆவணம் பேசாதவர் யார்?” என்பார் தேர்வாளர். துரையும் கிராணியும் எழுதிய ஏடுகளில், பெரட்டுக்கு நின்ற பெண் ஓர் எண்ணாக மட்டுமே இருப்பாள். அவள் விடியுமுன் பால்மரம் வெட்டியதும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றதும், யப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில்பாதைக்குச் சென்று மீளாத கணவனை எண்ணி வாழ்ந்ததும் முதியோர் வாய்மொழியில் மட்டுமே உள்ளன. அவ்வாய்மொழியையும் அப்படியே கொள்ளாது, காலத்தோடும் பிற சான்றோடும் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வினாக்கள் மாணவரைத் தளரச் செய்வதற்கு எழுந்தவை அல்ல. அச்சேறிப் பலர் கைக்குச் சென்ற பிழையைத் திருத்துவது அரிது. அவையேறுமுன் திருத்துவது எளிது. பூர்வாங்கத் தேர்வின் பயன் இதுவே. எளியோர் வரலாற்றுக்கு இப்பயன் இரட்டிப்பாகும். வலியோர் வரலாறு பிழைபட்டாலும் அவர்தம் மாளிகைகளும் கோப்புகளும் நின்று திருத்தும். தோட்ட மக்களின் லயங்கள் இடிக்கப்பட்டன. நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. அவர்களைப் பற்றி எழுதப்படும் ஏடு பிழைபட்டால், திருத்துவதற்கு வேறு சான்று எஞ்சாது. அன்பின் மிகுதியால் சேர்க்கப்படும் ஒரு பொய், உண்மையான நூறு துன்பங்களையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.

தமிழாசிரியர்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. பள்ளியின் பழைய பதிவேட்டைக் கறையானுக்கு விடாது காத்தலும், முதியோர் கூற்றை நாளும் பெயரும் இடமும் குறித்து எழுதி வைத்தலும், மாணவர் கட்டுரையில் “இதற்குச் சான்று யாது?” என்று ஒரு வரி எழுதுதலும் ஆய்வுக்கு அடிகோலும் பணிகளாம். அவ்வாறு வினவப்பட்டுப் பழகிய மாணவர், பிற்காலத்தில் பல்கலைக்கழகத் தேர்வாளர்முன் அஞ்சி நில்லார்.

ஒரு வெள்ளி கொடுத்துத் தமிழுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் தேடித் தந்த தலைமுறைக்கு நாம் பட்ட கடன் பெரிது. அவர்தம் வாழ்வைக் குற்றமற எழுதி, குற்றங்கூற வல்லார் அவையில் வைத்து, விடை கூறி நிலைநாட்டுதலே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.