பிர் நகரத்துப் பெருந்தொலைநோக்கி



அயர்லாந்து நாட்டின் ஏறத்தாழ நட்டநடுவே, ஆஃபலி மாவட்டத்தில், பிர் என்றொரு சிறு நகரம் உளது. மக்கள்தொகை ஐயாயிரம் அளவே. நம் கணக்கில் அது ஒரு பெரிய கிராமம். டப்ளினில் செவிலியராகப் பணிபுரியும் என் மகள் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, ஒரு நாள் காலையில் பேருந்தேறி அவ்வூருக்குப் போனேன். அந்நாட்டினர் அதனைப் பாரம்பரிய நகரங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றனர்.

ஊர் நடுவே ஒரு சதுக்கம். அதில் 1747-இல் நாட்டிய உயர்ந்த கல்தூண் ஒன்று நிற்கிறது. உச்சியில் ஒன்றும் இல்லை. கல்லோடன் போரில் வென்ற கம்பர்லண்டு கோமகனின் சிலை ஒரு காலத்தில் அங்கே இருந்தது. 1915-இல் அதனை இறக்கிவிட்டார்கள். சதுக்கமோ இன்று, 1803-இல் ஆங்கில அரசு தூக்கிலிட்ட இராபர்ட் எம்மெட்டின் பெயரைத் தாங்குகிறது. ஆண்டவரின் தூணும் எதிர்த்தவரின் பெயரும் ஓரிடத்தில்! வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிட நல்ல கரும்பலகை கிடைக்குமா?

இவ்வூரின் பழமை அத்தூணுக்கும் நெடுங்காலம் முந்தியது. 697-ஆம் ஆண்டில், அயோனா மடத்துத் தலைவர் அடோம்னான் என்பார் இங்கே ஒரு பேரவை கூட்டினார். போரில் பெண்டிரையும் சிறாரையும் சமயத் துறவியரையும் கொல்லலாகாது, மீறினால் தண்டம் என்று அவர் கொணர்ந்த சட்டத்தை மன்னரும் மடத்தலைவரும் ஏற்றுக் கையொப்பமிட்டனர். அச்சட்டம் எவ்வளவு காக்கப்பட்டது என்பது வேறு செய்தி.

ஆனால் நான் சென்றது தொலைநோக்கியைக் காண்பதற்கே. 1620 முதல் இங்கு வாழும் பார்சன்ஸ் குடும்பத்தின் கோட்டைத் தோட்டத்தில், இரு பெருங்கற்சுவர்களுக்கிடையே, 16 மீட்டருக்கும் மேல் நீண்ட கரிய குழாய் ஒன்று கிடக்கிறது. கண்ணாடியில் ஆடி செய்யும் வழி தேறாத காலம் அது. குடும்பத் தலைவரான மூன்றாம் ராஸ் பிரபு செம்பும் வெள்ளீயமும் உருக்கி, ஆறடி குறுக்களவுள்ள உலோக ஆடி வார்த்தார். நம் கோயில் மணியிலும் இவ்விரு உலோகங்களே கலக்கின்றன. ஆடிக்கு வெள்ளீயம் மிகுதி. அதனால் அது நன்கு ஒளிரும். அதனாலேயே எளிதில் விரிசலும் விடும். 1842-இல் வார்க்கத் தொடங்கி, பலமுறை தோற்றுத் தோற்றே வென்றார். உலைக்கு எரித்தது அவ்வட்டாரச் சதுப்புநிலத்தில் வெட்டிய புல்கரி. வேலை செய்தோர் வெளியூர் வல்லுநர் அல்லர். ராஸ் பிரபு தாமே பயிற்றுவித்த உள்ளூர் உழைப்பாளிகள்.

1845 இளவேனிலில் அத்தொலைநோக்கி வானை நோக்கியது. வேட்டைநாய்கள் என்னும் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒரு மங்கலான முகில், நீர்ச்சுழி போலச் சுருண்டிருப்பதை ராஸ் கண்டு வரைந்தார். சுருள் வடிவத்தை மனிதர் கண்டது அதுவே முதன்முறை. அம்முகில்கள் நம்முடையதைப் போன்ற வேறு விண்மீன் பேரமைப்புகளே என்பது உறுதிப்பட 1920-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1917-இல் அமெரிக்காவின் வில்சன் மலையில் நூறு அங்குல ஆடி அமையும்வரை, உலகின் மிகப்பெரிய தொலைநோக்கி இச்சிற்றூரில்தான் இருந்தது.

அதே 1845-இன் இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகின.

முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பில் நான் அயர்லாந்துப் பஞ்சத்தை ஒரே வாக்கியத்தில் கூறி வந்தேன்: கிழங்கு அழுகியது, மக்கள் மடிந்தனர். தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய முதிய அம்மையார் ஒருவர், அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியையே, அவ்வாக்கியத்தை மென்மையாகத் திருத்தினார். "கிழங்கு அழுகியது உண்மை, ஐயா. ஆனால் அவ்வாண்டுகளிலும் தானியமும் வெண்ணெயும் எங்கள் துறைமுகங்களிலிருந்து கப்பலேறின. ஏழைக்குக் கிழங்கைத் தவிர வேறு உணவில்லாத நிலையை நோய் உண்டாக்கவில்லை" என்றார். பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே தொகையினர் கடல் கடந்தனர். பஞ்சத்திற்குச் சற்று முன்னே ஏழைகளுக்கென இவ்வூரிலும் ஒரு விடுதி கட்டப்பட்டிருந்தது. அங்கே குடும்பத்தைப் பிரித்து, கணவனை ஒரு பகுதியிலும் மனைவியை மறு பகுதியிலும் வைப்பதே விதி.

ராஸ் பிரபு என்ன செய்தார்? விண்ணாய்வைப் பெரும்பாலும் நிறுத்தி நிவாரணத்தில் இறங்கினார். மனைவி மேரியின் செல்வத்தைக் கொண்டு, கோட்டையைச் சுற்றி மதிலும் அகழியும் அமைக்கும் வேலையை நூற்றுக்கணக்கானோருக்கு அளித்தனர். அம்மேரி புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். அவர்தம் மகன் சார்லஸ் 1884-இல் நீராவிச் சுழலி கண்டவர். பெருமைக்குரிய குடும்பமே. ஆயினும், புல்கரி வெட்டிய கைகளுள் எத்தனை 1850-ஐக் கண்டன என்று அம்மதிலருகே நின்றபோது எண்ணாதிருக்க இயலவில்லை.

வெளியே புல்வெளியில் சிறுவர்கள் மரமட்டைகளோடு ஹர்லிங் ஆடிக் கொண்டிருந்தனர். நம் ஹாக்கியை விட வேகமும் முரடும் மிக்க ஆட்டம். பந்து தலைக்கு மேலே பறக்கிறது. அகில அயர்லாந்துப் போட்டியின் முதல் இறுதியாட்டம் 1888 ஏப்ரல் முதல் நாள் இவ்வூரிலேயே நடந்தது. டிப்பரரியின் தர்லஸ் அணி வென்றது. பஞ்சம் முடிந்து நாற்பது ஆண்டுகள் கூட ஆகாத காலம் அது.

பேருந்து நிற்குமிடம் வரை அம்மையார் உடன் வந்தார். "உங்கள் நாட்டிலும் இப்படி நிகழ்ந்ததுண்டா?" என வினவினார். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சத்தைச் சொன்னேன். அப்போதும் தானியம் கப்பலேறியதையும், பசித்தோரைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் வெட்டியதையும், அதுவே இன்றைய பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி என்பதையும் கூறினேன். "மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வீர்கள் அல்லவா?" என்றார்.

நான் தலைமையாசிரியனாக இருந்த மயிலாப்பூர்ப் பள்ளியிலிருந்து அக்கால்வாய் கால்மணி நேர நடை. ஒரு வகுப்பைக் கூட நான் அங்கே அழைத்துச் சென்றதில்லை என்பதை அவரிடம் சொன்னேன்.